கலிக்கு முன் 14,900

அன்புள்ள ஐயா,

உங்கள் காலப்பயணத் தொடரை ஏழாம் அத்தியாயம் வரை வாசித்துவிட்டேன். மூன்று சந்தேகங்கள்.

சுனாமி வந்த ஆண்டு பயணியின் குறிப்பேட்டில் ‘கலி 5105’ என்று இருக்கிறது. கலியுகம் தொடங்கிய கி.மு. 3102-ஐயும் 2004-ஐயும் கூட்டினால் 5106 அல்லவா? அடுத்தது, கலி தொடங்குவது கி.மு. 3102, மத்திய அமெரிக்க மாயன்களின் நாள் எண்ணிக்கையான நீள்கணக்கு தொடங்குவது கி.மு. 3114. பன்னிரண்டே வருட வித்தியாசம். இரண்டையும் தொடக்கிவைத்தவள் உங்கள் பயணிதான் என்று பின்னால் வருமா? கடைசியாக, அவள் 20,000 ஆண்டு பின்னுக்குப் போய் மட்டக்களப்புக் கல்லடியில் இறங்கி, வாவியில் மீன் பாடுவதைக் கேட்கிறாள். அப்போது அங்கே வாவி இருந்ததா? என் அப்பா ஆழ்கடலுக்குப் போகிறவர். அந்தப் பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். “கடல் அப்பவும் இங்கதான் நிண்டதாமா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஒரு வாசகி, வாழைச்சேனை

*

அன்புள்ள மகளுக்கு,

முதலில் கணக்கை முடிப்போம். கி.மு. 1 முடிந்த மறுநாளே கி.பி. 1. நடுவில் பூச்சிய ஆண்டு கிடையாது. அதனால் இரண்டையும் கூட்டினால் ஒன்றைக் கழித்துவிட வேண்டும். தனக்கு 23 வயதானபோது கலியில் 3,600 ஆண்டு கழிந்திருந்தது என்று ஆரியபட்டர் எழுதிவைத்திருக்கிறார். அது கி.பி. 499. கூட்டினால் 3,601, ஒன்றைக் கழியுங்கள், சரியாக வரும். ஆனாலும் உங்களை முழுப் பிழை என்று சொல்ல மாட்டேன். பஞ்சாங்கத்தில் கழிந்த ஆண்டை எழுதுவதுதான் வழக்கம். நடக்கிற ஆண்டை எழுதினால் 5106தான். வழி பிழை, விடை சரி. நான் படித்த காலத்தில் இதற்கு அரைப் புள்ளியும் தரமாட்டார்கள்.

உண்மையில் கதையில் வரும் இயந்திரம் ஆண்டைத் தொடுவதே இல்லை. சித்திரை எத்தனை மணிக்குப் பிறக்கிறது என்பதில் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் ஒத்துப்போகாமல், ஒரே வீட்டில் இரண்டு தரம் புத்தாண்டு மருத்துநீர் வைத்த குடும்பம் எங்களுடையது. இதை நம்பி ஒரு பிள்ளையை இருபதாயிரம் ஆண்டு பின்னுக்கு அனுப்ப முடியுமா? அதனால் அகர்க்கணத்தைக் கொடுத்தேன். அதில் மாதமும் இல்லை, வருடமும் இல்லை. கலி பிறந்த வெள்ளிக்கிழமையிலிருந்து நாட்களை ஒன்றொன்றாக எண்ணிக்கொண்டே வருவது, அவ்வளவுதான். சூறாவளி அடித்த 1978 நவம்பர் 23-ஐ எடுங்கள். அன்றைக்குக் கலி தொடங்கி 1,855,370 நாள். ஏழால் வகுத்தால் மிச்சம் ஆறு. வெள்ளியிலிருந்து ஆறு நாள் தள்ளினால் வியாழன். எங்கள் வீட்டு ஓடெல்லாம் பறந்தது ஒரு வியாழன் இரவுதான். ஐரோப்பாவில் ஸ்காலிஜர் என்ற அறிஞர் 1583-இல் கி.மு. 4713-ஐத் தொடக்கமாக வைத்து ஆண்டுகளை எண்ணினார். பின்னால் வந்தவர்கள் அதே தொடக்கத்திலிருந்து நாட்களை எண்ணினார்கள். வானியலாளர்கள் இன்றும் அந்த எண்ணிக்கையைத்தான் பாவிக்கிறார்கள். கயிறு ஒன்றுதான், முளை அடித்த இடம் வேறு.

மாயன் விஷயத்தை வாசித்தபோது எனக்கும் கை துருதுருத்தது. ஆனால் செய்ய மாட்டேன். கி.மு. 3102-இல் யாரும் நின்று “இன்று கலி ஒன்று” என்று சொல்லவில்லை. கோள்களெல்லாம் ஒன்றுகூடிய நாள் எதுவென்று பிற்கால வானியலாளர்கள் பின்னோக்கிக் கணக்குப் போட்டு அடித்த முளை அது என்பதே வானியல் வரலாறு எழுதுவோர் பலரின் முடிவு. இன்றைய கணக்கில் பார்த்தால் அன்று கோள்கள் ஒரே புள்ளியில் நிற்கவும் இல்லை. மாயன் பக்கமும் அப்படித்தான். நீள்கணக்குக் கல்வெட்டுகளில் கிடைத்தவற்றுள் மிகப் பழையவையே கி.மு. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. என் பயணி கலி ஒன்றுக்கே போய் “இது எந்த வருஷம்?” என்று கேட்டால், ஊர் சனம் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்திருக்கும்.

அதற்காக அவர்கள் எண்ணவில்லை என்று ஆகாது. என் அம்மம்மாவிடம் எதைக் கேட்டாலும் “வெள்ளத்துக்கு அடுத்த வருஷம்” என்பா. வெள்ளம் என்றால் 57 வெள்ளம். பிறகு சூறாவளி வந்தது. அதற்குப் பிறகு பேச்சு “சூறாவளிக்கு முந்தி”, “சூறாவளிக்குப் பிந்தி” என்று மாறிற்று. இப்போது எங்கள் பிள்ளைகள் சுனாமியை வைத்துச் சொல்கிறார்கள். அறுபது வருடப் பெயர்களைவிட இது நம்பிக்கையானது. 57 வெள்ளம் வந்தது ஹேவிளம்பி ஆண்டில். ஏட்டில் ‘ஹேவிளம்பி வெள்ளம்’ என்று மட்டும் இருந்தால் பயணி 1897-இலும் இறங்கலாம், 2017-இலும் இறங்கலாம். கதையில் வரும் குகைச் சனம் வெள்ளத்தையும் வறட்சியையும் வைத்துக் காலம் சொல்வது அம்மம்மாவிடமிருந்து நான் எடுத்தது, எந்த அகழாய்விலிருந்தும் அல்ல. அவர்கள் கையில் இருக்கும் சாமான்கள் மட்டும் அகழாய்வில் கிடைத்தவை. குருவிட்டைக்குப் பக்கத்தில் படதொம்பலெனைக் குகையில் கிடைத்ததுபோல, விரல் நகம் அளவுக்கு உடைத்த படிகக்கல் (குவார்ட்ஸ்) கருவிகள், எலும்பு முனைகள். பானை இல்லை, நெல் இல்லை, இரும்பு இல்லை.

சரி, வாவி. இதில் நான் பிடிபட்டேன்.

20,000 ஆண்டுக்கு முன், குறிப்பேட்டின்படி கலிக்கு முன் 14,900-இல், கடலில் இருக்க வேண்டிய தண்ணீரில் ஒரு பகுதி நிலத்தின்மேல் பனியாக உறைந்து கிடந்தது. கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீற்றர் கீழே. மன்னாரிலிருந்து நடந்தே இந்தியாவுக்குப் போகலாம். பனி உருகிக் கடல் ஏறிவந்து தாழ்ந்த நிலத்துக்குள் புகுந்த பிறகுதான் நம்முடைய களப்புகள் உண்டாயின. ஆகவே வாவியும் இல்லை, பாடும் மீனும் இல்லை. கலியை முளை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு, நானே கல்லடிப் பாலத்தை முளையாக அடித்துவிட்டு அதற்குக் கீழே வாவியைத் தேடியிருக்கிறேன்.

மீன் பாடுகிற பந்தியைத் தூக்கிவிடுகிறேன். அதற்குப் பதிலாக அவள் இருட்டில் நின்று காது கொடுக்கிறாள், அலைச்சத்தமும் கேட்கவில்லை. கிழக்கே நடக்கிறாள். எவ்வளவு தூரம் நடக்கவைப்பது என்பதில்தான் நிற்கிறேன். நம் பக்கம் கடலடித் திட்டு ஒடுங்கியது, மன்னார்ப் பக்கம்போல அகலமில்லை என்பதுவரை தெரியும். 120 மீற்றர் என்றால் கடலில் ஆழம் அளக்கும் கணக்கில் 65 பாகம் வரும். வாழைச்சேனையிலிருந்து வெளிக்கிட்டு எவ்வளவு தூரம் போனால் 65 பாகம் கயிறு விட வேண்டியிருக்கும் என்று அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். கல்லடிக்கு நேரே தொழில் செய்தவர் யாரையும் அவருக்குத் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது.