நாகர்கோவில் பக்கமிருந்து சாமான் அனுப்ப கூரியர் நல்லதா, கார்கோ நல்லதா?

கேள்வி கேட்டவர் கருங்கல் பக்கம். வீட்டில் அம்மா போடும் நேந்திரங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து, அப்புறம் தெரிந்த இடத்தில் வாங்கும் கருப்பட்டி, இவ்வளவுதான் சரக்கு. சென்னையில் சில வீடுகள் வாடிக்கை, பெங்களூரில் ஒரு கடை மாதாமாதம் மொத்தமாகக் கேட்கிறது, துபாயில் தம்பி இருக்கிறான். எதில் அனுப்பினால் கட்டுப்படியாகும் என்கிறார். நானும் மார்த்தாண்டத்திலிருந்து இதே மாதிரிச் சரக்கை அனுப்பிக்கொண்டிருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

பெரும்பாலும் எல்லோரும் சொல்லும் பதில், எடை குறைவென்றால் கூரியர், கூடினால் கார்கோ என்பது. அது பாதிதான் சரி. நான் முதலில் பார்ப்பது எடையை இல்லை. அந்த முனையில் பெட்டியை வாங்கப்போவது யார், எப்படி வாங்குவார் என்பதைத்தான். வீட்டுக்குப் போகிற பெட்டி கூரியரில் போகட்டும், கடைக்குப் போகிற பெட்டி கார்கோவில் போகட்டும். இருபத்தைந்து கிலோவானாலும் வயதானவர்கள் இருக்கும் வீடு என்றால் நான் கூரியரோ தபாலோதான் போடுவேன்.

ஏனென்றால் கார்கோ, பார்சல் சர்வீஸ், லாரி ஆபீஸ் எந்தப் பெயரில் சொன்னாலும் அங்கே வழக்கம் கோடவுன் டெலிவரி. சரக்கு வந்ததும் போன் வரும், நீங்கள் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். தாம்பரத்தில் இருக்கும் ஒரு அம்மாவுக்கு நான் அனுப்பிய கருப்பட்டிப் பெட்டி மாதவரம் பக்கம் ஒரு கோடவுனில் போய் இறங்கியது. இங்கே புக்கிங்கில் வாயால் "டோர் டெலிவரிதான்" என்று சொல்லியிருந்தார்கள், ரசீதில் கோடவுன் என்று அடித்திருந்தார்கள். அந்த அம்மா நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஆட்டோ பிடித்துப் போய் எடுத்த கூலி கருப்பட்டி விலையில் பாதியைத் தின்றுவிட்டது. அதனால் வாய்ச்சொல்லை நம்பாமல் எல்.ஆர். என்று அவர்கள் கொடுக்கும் புக்கிங் ரசீதில் டெலிவரி என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். டோர் என்று எழுதியிருந்தாலும் அடுக்குமாடி வீடு என்றால் கீழே கேட்டில் இறக்கிவிட்டுப் போவதுதான் வழக்கம், மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள். கடைக்காரருக்கு இதெல்லாம் பிரச்சினையே இல்லை. அவருக்கு அந்தக் கோடவுன் தெரியும், வண்டி இருக்கும், லோடுமேன் இருப்பார், மற்ற சரக்கோடு சேர்த்து எடுத்துக்கொள்வார்.

அடுத்தது பெட்டியின் அளவு. சிப்ஸ் போடுகிற யாரும் இதை விட்டுவிடக் கூடாது. காசு கரைவது இங்கேதான். கூரியரில் தராசு காட்டும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். தராசு எடை, இந்தக் கணக்கு எடை, இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் காசு. 60 க்கு 40 க்கு 40 அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 96,000 வரும், 5000-ஆல் வகுத்தால் 19.2 கிலோ. காற்றடைத்த சிப்ஸ் பாக்கெட் அதில் எட்டோ பத்தோ கிலோதான் கொள்ளும். அதாவது சிப்ஸ் எடையைப் போல இரண்டு மடங்குக்குக் கூலி கொடுக்கிறீர்கள். கருப்பட்டிக்கு இது அப்படியே தலைகீழ். 30 க்கு 30 க்கு 30 சின்னப் பெட்டி கணக்கில் 5.4 கிலோதான் வரும், ஆனால் நெருக்கி அடுக்கினால் பதினைந்து கிலோவுக்கு மேலேயே போகும், அப்போது தராசு எடைக்குக் காசு. ஒரே வீட்டிலிருந்து போகிற இரண்டு சரக்குக்கும் ஒரே வழி சரியாக வராததற்கு இதுதான் காரணம்.

கார்கோவில் அளவெல்லாம் பார்க்கமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை நம் ஊரில் இருக்கிறது. பார்ப்பார்கள். அங்கே கன அடிக் கணக்கு. அடிக்கு 30 சென்டிமீட்டர் என்று வைத்து, மூன்றையும் பெருக்கி 27,000-ஆல் வகுத்து, ஒரு கன அடிக்கு ஆறு கிலோ, எட்டு கிலோ, பத்து கிலோ என்று கம்பெனிக்குக் கம்பெனி ஒரு எண்ணால் பெருக்குவார்கள். அதே சிப்ஸ் பெட்டி ஆறு என்றால் 21 கிலோ, எட்டு என்றால் 28 கிலோவுக்கு மேல். கிலோவுக்கு ரேட் குறைவாக இருப்பதால் மொத்தத்தில் லாபமாகவே இருக்கலாம், ஆனால் ஒரு பெட்டிக்கு அந்த லாபம் நிற்காது, ஏனென்றால் குறைந்தபட்ச எடை என்று ஒன்று வைத்திருப்பார்கள். உங்கள் பெட்டி பத்து கிலோதான் என்றாலும் அந்தக் குறைந்தபட்சத்துக்குப் பில் போடுவார்கள். அதற்கு மேல் எல்.ஆர். சார்ஜ், ஏற்றுகூலி, இறக்குகூலி, டீசல் சர்சார்ஜ், டோர் டெலிவரிக்குத் தனி, இரண்டு நாள் எடுக்காமல் விட்டால் டெமரேஜ் என்று கோடவுன் வாடகை. கூரியரில் சொல்லும் ரேட்டோடு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேருமா, சேர்த்துத்தான் சொல்கிறார்களா என்றும் கேட்க வேண்டும். கிலோ என்ன ரேட் என்று கேட்காதீர்கள். "இந்தப் பெட்டி இந்த முகவரிக்குப் போய்ச் சேர கடைசியாக எவ்வளவு, அந்தப் பக்கம் வாங்குகிறவர் ஏதாவது கொடுக்க வேண்டியிருக்குமா" என்று கேளுங்கள். ரசீதில் "டு பே" போட்டிருந்தால் கூலி வாங்குகிறவர் தலையில் விழும், கடையோடு அதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பாக்கிங் பற்றி நம் மாவட்டத்துக்காரர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டும். நமக்குத் தென்மேற்கும் உண்டு வடகிழக்கும் உண்டு, வருடத்தில் பாதி ஈரம். கருப்பட்டி அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டு கசிய ஆரம்பித்தால் பெட்டியின் அடி ஊறி, தூக்கும்போது அடி கழன்று விழும். நான் செய்வது இதுதான். ஒவ்வொரு கருப்பட்டியையும் காகிதத்தில் சுற்றி, தடிமனான பிளாஸ்டிக் பையில் மொத்தமாகப் போட்டு வாயை இறுகக் கட்டி, அதைப் பெட்டியில் இறக்கி, ஓரத்து இடைவெளியில் பழைய நாளிதழைக் கசக்கித் திணிப்பேன். பெட்டியைக் குலுக்கினால் உள்ளே சத்தம் வரக் கூடாது. அடிப்பக்கம் டேப் குறுக்கும் நெடுக்குமாக. கூரியரில் பெட்டி பல ஹப்களில் இறங்கி ஏறும், ஒவ்வொரு இடத்திலும் ஒரு முறையாவது வீசப்படும், ஆகவே மூலைகள் பலமாக இருக்க வேண்டும். கார்கோவில் வீச்சு குறைவு, அமுக்கம் கூடுதல், உங்கள் சிப்ஸ் பெட்டிக்கு மேல் யாரோ ஒருவருடைய மூட்டை உட்கார்ந்து வரும். முந்திரிக்கொத்து இரண்டையும் தாங்கும். சிப்ஸ் தாங்காது, அதற்கு ஐந்தடுக்கு அட்டைப்பெட்டி வாங்குங்கள், சாதாரணப் பெட்டியில் போட்டால் தூள்தான் போய்ச் சேரும். தேன் சேர்க்கும் எண்ணம் இருந்தால் கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம், திரவம் என்றாலே பல கூரியர்கள் எடுக்கமாட்டார்கள்.

உடைந்தால், தொலைந்தால் என்ன கிடைக்கும் என்பதை யாரும் புக் செய்யும்போது யோசிப்பதில்லை. கூரியர் ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இழப்பீடு இவ்வளவுதான் என்று இருக்கும். அதெல்லாம் கோர்ட்டில் செல்லாது என்று நினைக்க வேண்டாம். பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், கையெழுத்துப் போட்ட ரசீதில் 100 டாலர் வரம்பு இருந்தால் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டது. லாரி சரக்குக்கு 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டம் இருக்கிறது. கூடுதல் மதிப்பை அறிவித்து அதற்கான கட்டணம் கட்டியிருக்காவிட்டால், 2011-ல் வந்த விதிகளின்படி பொறுப்பு பொதுவாகக் கூலியின் பத்து மடங்கோடு நின்றுவிடும். வழக்குப் போடுவதென்றால் அதற்கு முன்பே, அதுவும் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். ஆகவே எல்.ஆரில் "ஓனர்ஸ் ரிஸ்க்", அதாவது சேதம் சரக்குக்காரர் பொறுப்பு, என்று அடிக்கிறார்களா என்று பாருங்கள். பெங்களூர்க் கடைக்குப் பெரிய தொகைக்குப் போகும்போது இன்சூரன்ஸ் போட்டுவிடுங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

காகித விஷயத்தில் மாநில எல்லையில் இருக்கும் நமக்கு ஒரு சங்கடம் உண்டு. சென்னை எழுநூறு கிலோமீட்டர் தள்ளி, ஆனால் ஒரே மாநிலம், தமிழ்நாட்டுக்குள் இ-வே பில் (சரக்கு வண்டியில் போகும்போது கூட இருக்க வேண்டிய ஜி.எஸ்.டி. ஆன்லைன் சீட்டு) வேண்டிய வரம்பு 1 லட்சம் ரூபாய். களியக்காவிளையைத் தாண்டினால் வெளிமாநிலம், பாறசாலைக்குப் போனாலும் வரம்பு 50,000. மார்த்தாண்டத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரத்தில் போய்விடும் இடம்தானே என்று 60,000 ரூபாய்ச் சரக்கை இ-வே பில் இல்லாமல் விட்டால் வழியில் மாட்டும். பெங்களூருக்கும் அதே 50,000 தான். இ-வே பில் செல்லுபடியாவது 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில், பார்சல் சர்வீஸில் சரக்கு கோடவுனில் தூங்கினால் அதையும் கணக்கில் வையுங்கள். இதே கேள்வியை வீடு மாற்றுகிறவர்கள் யாராவது படித்தால் ஒரு செய்தி: பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் தேவையில்லை.

இனி துபாய். நம் மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது, திருவனந்தபுரமோ தூத்துக்குடியோ மதுரையோ ரோட்டில் போய்த்தான் ஏற வேண்டும், அதனால் "ஏர்" என்றதும் மறுநாள் போய்விடும் என்று தம்பியிடம் சொல்லிவைக்காதீர்கள். சர்வதேசக் கூரியரில் அதே 5000 வகுத்தல், ஏர் கார்கோவில் வழக்கமாக 6000, ஆக அளவு எடை கொஞ்சம் குறையும். ஆனால் ஏர் கார்கோவில் அங்கே இறங்கியதும் கஸ்டம்ஸ் வேலையை ஏஜென்ட் வைத்து முடிக்க வேண்டும். ஐந்து பத்து கிலோ தின்பண்டத்துக்கு அந்த அலைச்சல் தேவையே இல்லை, கூரியர் போதும். லீவு முடிந்து திரும்புகிற யாராவது தெரிந்தவர் இருந்தால் அதைவிட நல்லது, அதைத்தான் நம் ஊரில் எல்லா வீட்டிலும் செய்கிறார்கள். கொப்பரை மட்டும் வைக்காதீர்கள். எண்ணெய்ச் சத்து கூடுதலானதால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக் கூடிய பொருள் என்று விமானப் போக்குவரத்தில் அதைத் தனி வகையில் வைத்திருக்கிறார்கள், ஸ்கேனில் கண்டால் எடுத்துவிடுவார்கள். தேங்காய் ஊர்க்காரர்களான நமக்கு இது கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் காரணம் உண்மையானது. தம்பி அங்கிருந்து பெட்டி போட்டாலும் ஒரு விஷயம்: பரிசு என்று எழுதி வரியில்லாமல் வரவழைக்கும் சலுகை 2019 டிசம்பரோடு போய்விட்டது, ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும் விட்டிருக்கிறார்கள்.

கூரியர், கார்கோ இரண்டைத் தவிர வேறு வழியே இல்லாத மாதிரி கேட்டிருக்கிறீர்கள், தபாலை மறக்க வேண்டாம். ஸ்பீட் போஸ்ட்டில் 35 கிலோ வரை பார்சல் எடுப்பார்கள். தனியார் கூரியர் "டெலிவரி ஏரியா இல்லை" என்று கைவிரிக்கும் கிராமத்துக்கும் தபால்காரர் போகிறார். எனக்குச் சிற்றூர் வாடிக்கையாளர்கள் எல்லோருமே தபாலில்தான். அவசரமென்றால் ஆம்னி பஸ், மாலையில் ஏற்றினால் காலையில் சென்னை, ஆனால் பஸ் நிற்கும் இடத்துக்கு ஆள் வந்து எடுக்க வேண்டும். ரயில் பார்சல் பைக் அனுப்புகிறவர்களுக்கு நல்லது, டேங்கில் பெட்ரோலைச் சுத்தமாக எடுத்துவிட்டு நாகர்கோவில் ஜங்ஷன் பார்சல் ஆபீஸுக்குக் கொண்டுபோக வேண்டும். சிப்ஸ் பெட்டிக்கு ரயிலை நான் சொல்லமாட்டேன்.

உங்கள் விஷயத்தில் நான் செய்வேன் என்றால்: சென்னை வீடுகளுக்குச் சிப்ஸைக் காற்று குறைவாக அடைத்துச் சின்னப் பெட்டியில் கூரியர், கருப்பட்டி தனியாக ஸ்பீட் போஸ்ட். பெங்களூர்க் கடைக்கு வாராவாரம் ஒரு பெட்டி என்று அனுப்பாமல் மாதம் ஒரே தடவையாகச் சேர்த்து, சிப்ஸ் பெட்டிகளையும் கருப்பட்டிப் பெட்டிகளையும் ஒரே எல்.ஆரில் கார்கோவில் புக் செய்யுங்கள். மொத்த எடை ஒரு பக்கம், மொத்த அளவு ஒரு பக்கம் என்று கூட்டிப் பார்க்கிறார்களா என்று கேளுங்கள், அப்படிப் பார்க்கிற இடமென்றால் கருப்பட்டியின் கனம் சிப்ஸின் இடத்தை ஈடுகட்டிவிடும், பில் நன்றாகவே குறையும். பெட்டிக்குப் பெட்டி தனியாகப் பார்க்கிறவர்களிடம் இந்த லாபம் கிடைக்காது, அப்போது வேறு ஆபீஸ் பாருங்கள். ஓணம், தீபாவளி, பொங்கல் சமயத்தில் ஒரு வாரம் முன்னாடியே ஏற்றிவிடுங்கள். அப்புறம் ஒட்டுகிற லேபிள் மழையில் கழன்றுவிடும், வாங்குகிறவர் பெயரும் இரண்டு போன் நம்பரும் பெட்டியின் இரண்டு பக்கத்திலும் மார்க்கரால் நேராக எழுதிவிடுங்கள்.