12 லட்சம் வரை வரி இல்லை என்றார்களே, பிறகு 16,640 ரூபாய் எதற்கு?

கேள்வி: என் கணவர் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். 2025-26இல் அவருடைய சம்பளம் 11 லட்சத்து 75 ஆயிரம். ஷேர் வாங்கி ஆறு மாதத்தில் விற்றதில் 80,000 ரூபாய் லாபம் வந்தது. 12 லட்சம் வரை வரியே இல்லை என்றுதானே சொன்னார்கள்? அவருடைய நண்பரோ ஷேர் லாபத்துக்கு வரி உண்டு என்கிறார். என் தம்பி ஏசி மெக்கானிக். ஒரு சர்வீஸ் நிறுவனத்துக்கு கான்ட்ராக்டில் வேலை செய்து மாதம் 22,000 வாங்குகிறான். "வரியைக் குறைச்சாங்களாமே, எனக்கு என்ன வந்தது?" என்று கேட்கிறான். நாத்தனார் வீட்டுக்காரருக்கு வருஷம் 30 லட்சம் சம்பளம். அவருக்கு ஒரு லட்சத்துக்கு மேல் மிச்சமாம். எங்கள் தெருவில் ஒருவர் மூன்று பேருக்கும் ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், கிடைப்பதில் பத்து சதவீதம் கொடுத்தால் போதும் என்கிறார். அவரிடம் கொடுக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். பான் எண், பாஸ்வேர்டு, ஆதாருக்கு வரும் ஓடிபி, எதையுமே கொடுக்காதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது உங்கள் கணவரின் கணக்கு. விகிதமும் கழிவுகளும் குறைவாக உள்ள புதிய வரிமுறையில்தான் அவர் 2024-25இலும் இருந்தார் என்று எடுத்துக்கொள்கிறேன். சம்பளத்தில் 75,000 ரூபாய் நிலையான கழிவு போக, வரிக்குரிய வருமானம் 11 லட்சம். இதே சம்பளத்துக்கு 2024-25இல் செஸ்ஸோடு (வரியின்மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்து 67,600 ரூபாய் வரி வந்திருக்கும். இப்போது பூஜ்யம். இந்த 67,600 ரூபாய் உண்மையான மிச்சம்தான், சந்தேகமே வேண்டாம்.

ஆனால் "12 லட்சம் வரை வரி இல்லை" என்று பெரிய எழுத்தில் போட்டவர்கள், அது எப்படி இல்லாமல் போகிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். குழப்பமெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. வரியே கிடையாது என்கிற எல்லை 4 லட்சம் மட்டும்தான். அதற்கு மேல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10 சதவீதம் என்று வரி கணக்கிடப்படத்தான் செய்கிறது. உங்கள் கணவருக்கு அது 50,000 ரூபாய். மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டவில்லை என்றால், 60,000 வரையிலான அந்த வரியைப் பிரிவு 87ஏ-இன் கீழ் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். போட்ட வரியைத் தள்ளுபடி செய்வது வேறு, வரியே போடாமல் இருப்பது வேறு. இந்த வித்தியாசம்தான் உங்கள் வீட்டில் 16,640 ரூபாயாக வந்து நிற்கிறது.

ஓராண்டுக்குள் விற்ற ஷேரில் வரும் லாபத்துக்குத் தனி விகிதம், 20 சதவீதம். அது மேலே சொன்ன படிநிலைகளுக்குள் வராது. ஆகவே தள்ளுபடியும் அதைத் தொடாது. 80,000 ரூபாய்க்கு 16,000 வரி, அதன்மேல் 4 சதவீதம் செஸ் 640, ஆக 16,640. மொத்த வருமானம் 11 லட்சத்து 80 ஆயிரம்தான், 12 லட்சத்துக்குக் கீழேதான் இருக்கிறது என்று நீங்கள் வாதாடினாலும் இது மாறாது. நண்பர் சொன்னது சரி.

இந்த விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. 2024 ஜூலையில், ரிட்டர்ன் தாக்கல் செய்யும் காலத்தின் நடுவில், வருமான வரித்துறையின் இணையதளம் இப்படிப்பட்ட லாபத்துக்குத் தள்ளுபடியை ஏற்காமல் மாறியது. முதல் வாரம் தாக்கல் செய்தவருக்கு ஒரு கணக்கு, அடுத்த வாரம் செய்தவருக்கு வேறு கணக்கு. விஷயம் மும்பை உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 2025 நிதிச் சட்டத்தில், புதிய முறையில் தனி விகித வருமானத்துக்குத் தள்ளுபடி கிடையாது என்று எழுதிவிட்டார்கள். எழுதியது சரி. அதே பட்ஜெட்டின் அறிவிப்பைக் கேட்டுவிட்டுச் சந்தோஷமாக ஷேரை விற்ற சம்பளக்காரர்களுக்கு இதை யார் எடுத்துச் சொன்னார்கள்?

இதே ஷேரை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றிருந்தால் அது நீண்ட கால லாபம். அதில் ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் வரை வரி இல்லை. 80,000க்கு ஒரு பைசா கட்ட வேண்டியிருக்காது. அடுத்த முறை விற்கும் முன் வாங்கிய தேதியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

"அப்படியானால் மனைவி பேரில் வாங்கிப் போடுங்கள்" என்று யாராவது சொல்வார்கள். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உங்களுக்கென்று வேறு வருமானம் இல்லாமல், உங்கள் சொந்தப் பணத்தில் ஷேர் வாங்கி 80,000 லாபம் பார்த்தால், அது 4 லட்சம் என்ற அடிப்படை வரம்புக்குள் அடங்கிவிடும். இந்தியாவில் வசிப்பவருக்கு வரி வராது. ஆனால் சொந்தப் பணம் என்றால் சொந்தப் பணமாக இருக்க வேண்டும். நீங்கள் சம்பாதித்ததாக இருக்கலாம், உங்கள் அப்பா கொடுத்ததாக இருக்கலாம், கல்யாணத்துக்கு முன்பே உங்களிடம் இருந்ததாக இருக்கலாம். கணவர் சம்பளத்திலிருந்து உங்கள் கணக்குக்கு மாற்றிய பணம் என்றால், அதில் வரும் லாபத்தை அவருடைய வருமானத்தோடு சேர்த்துத்தான் சட்டம் பார்க்கும். ஷேரை வைத்திருக்கும் டீமேட் கணக்கு உங்கள் பேரில் இருப்பதால் இது மாறாது. வீட்டுச் செலவுக்குக் கொடுத்ததில் மிச்சம் பிடித்தேன் என்று பலர் சொல்கிறார்கள். அதிகாரியிடம் அது எளிதில் எடுபடாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 12 லட்சத்துக்கு இன்னும் 20,000 ரூபாய் இடைவெளிதான் இருக்கிறது. வங்கி வைப்புநிதிக்கு வந்த வட்டி, சேமிப்புக் கணக்கு வட்டி எல்லாம் மொத்த வருமானத்தில் சேரும். எல்லை தாண்டினால் தள்ளுபடி கணக்கே மாறிவிடும். எனவே ரிட்டர்ன் போடுவதற்கு முன்னால் எல்லா வங்கிக் கணக்கின் வட்டியையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். தாண்டுவதுபோல் தெரிந்தால் ஒரு ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

ஊதிய உயர்வு வந்தாலும் இதே இடத்தில்தான் இடிக்கும். சம்பளம் மட்டுமே உள்ளவருக்கு 12,75,000 வரை வரி இல்லை. அதைத் தாண்டிப் பத்தாயிரம் கூடினால், கூடிய தொகையைவிட வரி அதிகமாகிவிடாமல் தடுக்கும் விளிம்பு நிவாரணம் என்ற ஏற்பாட்டின்படி அந்தப் பத்தாயிரம் முழுவதும் வரியாகப் போகும், அதற்கு மேல் 400 ரூபாய் செஸ். உயர்வு வந்த வருஷத்தில் கைக்கு வருவது குறைகிறது! சுமார் 13 லட்சத்து 45 ஆயிரம் வரை இந்தப் பள்ளம் இருக்கிறது.

சரி, நாத்தனார் வீட்டுக்காரர். அவருக்கு மிச்சம் 1,14,400 ரூபாய், அவர் சொன்னது உண்மைதான். வரிக்குரிய வருமானம் 24 லட்சத்தைத் தாண்டிவிட்டால் 30 லட்சக்காரருக்கும் 45 லட்சக்காரருக்கும் அதே தொகைதான். ரூபாயில் பார்த்தால் அவருக்கு அதிகம். சம்பளத்தில் எத்தனை பங்கு என்று பார்த்தால் அவருக்கு நூற்றுக்கு நாலுக்கும் குறைவு, உங்கள் கணவருக்கு ஷேர் வரியைத் தனியாக வைத்துவிட்டால் நூற்றுக்கு ஐந்தே முக்கால்.

அப்புறம், உங்கள் தம்பியின் கேள்வி. மூவரில் அவர் கேள்விதான் கனமானது. அவருடைய ஆண்டு வருமானம் 2,64,000. அவர் வருமான வரி கட்டியதே இல்லை; கட்டாத வரியில் எதைக் குறைப்பது? அவர் மட்டுமல்ல. மாதம் 64,500 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிற யாருக்குமே 2025 வருமான வரிக் குறைப்பால் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. அவர்களுக்குப் புதிய முறையில் 2024-25லேயே பூஜ்யம்தான். இந்தக் குறைப்பால் அரசு விட்டுக்கொடுப்பது சுமார் ஒரு லட்சம் கோடி ரூபாய் என்று நிதியமைச்சர் பட்ஜெட் உரையிலேயே சொன்னார். அந்தத் தொகையில் உங்கள் தம்பிக்குப் பங்கு இல்லை. இதை நேராகச் சொல்லிவிடுவதுதான் அவருக்குக் கொடுக்கிற மரியாதை.

அவர் கட்டுகிற வரி ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, தலைக்கு வைக்கும் எண்ணெய், பற்பசை, பிஸ்கட் ஆகியவற்றுக்கு 18 சதவீதம் 5 ஆகக் குறைந்தது. இந்த மாதிரிப் பொருள்களுக்கு அவர் வீட்டில் மாதம் 2,000 ரூபாய் செலவானால், விலை முறையாகக் குறைந்திருந்தால், மாதம் சுமார் 220 ரூபாய் மிஞ்ச வேண்டும். 350 சிசி வரையிலான பைக்குக்கு 28 சதவீதம் 18 ஆனது. லட்ச ரூபாய் பைக்கில் சுமார் 7,800 குறையும். ஆனால் அவருடைய பெரிய செலவுகள் வேறு. வீட்டு வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் ஏற்கெனவே ஜிஎஸ்டி இல்லை, எனவே குறையவும் இல்லை. வேலைக்காக ஊரெல்லாம் சுற்ற அவர் போடும் பெட்ரோல் ஜிஎஸ்டிக்குள்ளேயே வரவில்லை. சின்னக் கார் வாங்குகிறவருக்கு ஒரே நாளில் ஐம்பதாயிரம் மிஞ்சுகிறது. இவருக்கு மாதம் 220, அதுவும் கடைக்காரரும் கம்பெனியும் மனது வைத்தால்.

மனது வைக்காவிட்டால் என்ன செய்வது? வரிக் குறைப்பை விலையில் காட்டாதவர்கள்மீது புகார் சொல்ல ஜிஎஸ்டி சட்டத்தில் ஒரு வழி இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அதில் புதிய புகார் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். ஐந்து மாதம் கழித்து வரியைக் குறைத்தார்கள். யோசித்துச் செய்கிற அரசு இதை இந்த வரிசையில் செய்யுமா? இப்போது இருப்பது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் கையில் இருந்தால் கூப்பிடுங்கள்.

இனி அந்த ரீஃபண்ட்காரர். உங்கள் கணவருக்கு அவர் எதை ரீஃபண்டாக வாங்கித் தருவார்? சம்பளத்துக்கு வரி பூஜ்யம். நிறுவனம் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடிக்கும் வரி, பிடித்திருந்தால் அதை நீங்களே ரிட்டர்ன் போட்டு வாங்கிக்கொள்ளலாம். அவர் கூடுதலாகச் செய்யக்கூடியது இரண்டு. ஷேர் லாபத்தை மறைப்பார். அல்லது பழைய வரிமுறைக்கு மாற்றி, கொடுக்காத வாடகை, கட்டாத பிரீமியம், அரசியல் கட்சிக்குக் கொடுக்காத நன்கொடை என்று பொய்க் கழிவுகளை நிரப்புவார். ஷேர் விற்றது உங்கள் கணவரின் வருடாந்திரத் தகவல் அறிக்கையில் வந்துவிடும். துறை அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. பொய்க் கணக்கு என்று முடிவானால் வரியும் வட்டியும் போக, அந்த வரியைப்போல் இரண்டு மடங்கு அபராதம். அது வரும்போது பத்து சதவீதம் வாங்கியவர் தெருவில் இருக்க மாட்டார்.

2025 ஜூலையில் வருமான வரித்துறை இப்படிப்பட்ட இடைத்தரகர்களைக் குறிவைத்து நாடு முழுவதும் சுமார் 150 இடங்களில் சோதனை நடத்தியது. மோசடி நடந்ததாகச் சொன்ன மாநிலங்களில் தமிழ்நாடும் உண்டு. அதில் வெளிவந்த ஒரு தந்திரத்தை நானும் என் மேசையில் பார்த்திருக்கிறேன். இவர்கள் கணக்கில் தங்கள் மின்னஞ்சலைப் பதிவு செய்துவிடுவார்கள். நோட்டீஸ் அங்கேதான் போகும். என்னிடம் வந்த ஒரு நர்ஸ் அம்மாவுக்கு மூன்று நோட்டீஸ் போயிருந்தது. ஒன்றுகூட அவர் கண்ணில் படவில்லை. அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தார். அவர் பொய் சொல்லவில்லை, யாரோ அவர் பேரில் சொல்லியிருந்தார்கள். ஆனால் சட்டத்துக்கு முன் ரிட்டர்ன் அவருடையது.

ஜனவரி பிறந்தால் "வரி மிச்சம்" என்று பாலிசி விற்க வருகிறவர்களிடமும் இதே எச்சரிக்கை தேவை. புதிய முறையில் காப்பீட்டு பிரீமியம் போன்றவற்றுக்கான 80சி கழிவு கிடையாது. வரிக்காக என்று சொல்லி விற்கும் எந்த பாலிசியும் உங்கள் கணவருக்கு வரியில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காது. காப்பீடு தேவையென்றால் காப்பீட்டுக்காக எடுங்கள்.

வரி பூஜ்யம் என்றால் ரிட்டர்னும் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே தாக்கல் செய்ய வேண்டும். கெடு தவறினால், உங்கள் கணவர் வருமானத்துக்குத் தாமதக் கட்டணமே 5,000 ரூபாய்.

தம்பிக்கு ஒரு நல்ல செய்தி மிச்சமிருக்கிறது. அவரை கான்ட்ராக்டில் வைத்திருக்கும் நிறுவனம் ஒரு சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். அப்படியானால் ஆண்டுக்கு 2,640 ரூபாய் அவர் பேரில் அரசிடம் கிடக்கிறது. நிறுவனத்திடம் பான் எண் கொடுத்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். கொடுக்காதவர்களுக்கு 20 சதவீதம் பிடிப்பார்கள். பிறகு வருமான வரி இணையதளத்தில் அவருடைய சொந்த செல்பேசி எண், சொந்த மின்னஞ்சலில் கணக்கைத் திறந்து, அவர் பேரில் பிடித்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-ஐப் பார்க்கச் சொல்லுங்கள். தொகை அதில் இருந்தால், சுகம் எனப்படும் ஐடிஆர்-4 ரிட்டர்ன் படிவத்தைப் போட்டு முழுவதையும் அவரே திரும்ப வாங்கலாம். அவருடைய வங்கிக் கணக்கு அந்தத் தளத்தில் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். ரீஃபண்ட் அதற்குத்தான் வரும்.