பூம்பாறைக்கு இரண்டு நாள்

கேள்வி: சனி, ஞாயிறு மட்டும்தான் லீவு. காரில் கொடைக்கானல் பக்கத்து மலைக்கிராமமான பூம்பாறை போய்வர முடியுமா? – மதுரை வாசகி

பதில்: தாராளமாக. சனி விடியற்காலை 5 மணிக்கே கிளம்பிவிடுங்கள். கொடைக்கானலுக்கு ஏறக்குறைய 120 கி.மீ.; அங்கிருந்து இன்னும் 20 கி.மீ. வண்டிக்கு இ-பாஸ் கட்டாயம், வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். பெட்ரோலும் கைப்பணமும் கொடைக்கானலிலேயே. பிற்பகலில் மூடுபனி இறங்கினால் பூண்டு வயல்களின் அடுக்கு கண்ணுக்கே தெரியாது. ஆகவே அங்கேயே தங்கி, ஞாயிறு காலையில் நிதானமாகப் பாருங்கள். குழந்தை வேலப்பர் கோயிலும் அப்போதே.

இறங்கும்போதுதான் கவனம் தேவை. பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். இரண்டாம் கியரில் விடுங்கள், இன்ஜினே வேகத்தை இழுத்துப்பிடிக்கும். மலைப்பூண்டு வாங்கினால் துணிப்பையில் கொண்டுவாருங்கள். பாலித்தீனில் வியர்த்துப் பூசணம் பிடிக்கும்.