கைதட்டிவிட்டேன் – கடிதம்

வணக்கம்.

சென்ற மாதம் திருவனந்தபுரத்தில் இரண்டு விஞ்ஞானிகள் நடத்திய வயலின், பியானோ கச்சேரிக்குப் போனேன். அனுமதி இலவசம். வயலினுக்கும் பியானோவுக்குமாக மோட்சார்ட் எழுதிய ஈ மைனர் சொனாட்டாவை வாசித்தார்கள். முதல் பகுதி முடிந்ததும் என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன். வேறு யாரும் தட்டவில்லை. முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். பல வருடங்களாக நவராத்திரி மண்டபத்தில் கச்சேரி கேட்பவன் நான், கூசிப்போனேன். இரண்டாம் பகுதியைத் தலைகுனிந்தே கேட்டேன். அதன் நடுவே சட்டென்று மேகம் விலகியது போல ஓர் இடம். அங்கே வயலினின் காந்தார சுரம் பியானோவைவிட மயிரிழை இறங்கி நின்றதாகப் பட்டது. பகலெல்லாம் ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்கள் என்பதால் வந்த பிசகா, என் காதின் பிசகா? இந்த இசையை என் போன்றவன் கேட்கப் போகத்தான் வேண்டுமா?

வாசகர், பாறசாலை

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கைதட்டலைக் கடைசி வரிசையிலிருந்து நானும் கேட்டேன். எனக்கும் கை எழுந்தது. வழக்கம் தெரிந்ததால் அடக்கிக்கொண்டேன்.

அந்த சொனாட்டா 1778இல் எழுதப்பட்டது. அந்தக் கோடையில் மோட்சார்ட் தாயுடன் பாரிஸில் இருந்தார். ஜூன் 18 அன்று அவருடைய சிம்பொனி ஒன்று அங்கே அரங்கேறியது. முதல் பகுதி நடந்துகொண்டிருக்கும்போதே சபை கைதட்டியது. அந்த இடம் எல்லோருக்கும் பிடிக்கும் என்று தெரிந்தேதான் அமைத்ததாகத் தந்தைக்கு மகிழ்ச்சியுடன் எழுதினார். அந்தக் கடிதத்தின் தேதி ஜூலை 3. அவருடைய தாய் இறந்தது அன்றிரவு. அதைத் தந்தையிடம் உடனே சொல்லத் துணியாமல், அம்மாவுக்கு உடல்நிலை மோசம் என்று மட்டும் எழுதிவிட்டு, அதே கடிதத்தில் கைதட்டலைப் பற்றியும் சொல்கிறார். அந்த சொனாட்டாவைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கடிதம் நினைவுக்கு வருகிறது. பகுதிகளுக்கு நடுவே மௌனம் காப்பது பிற்காலத்தில் வந்த சபை மரியாதை. இனிக் கடைப்பிடியுங்கள், அவ்வளவுதான். கூச வேண்டியதில்லை.

உங்கள் காதில் பிசகு இல்லை. நீங்கள் சொல்லும் இடத்தில் இசை மைனரிலிருந்து மேஜருக்கு மாறுகிறது. நம் கணக்கில் சாதாரண காந்தாரம் போய், அதைவிட அரைச் சுரம் உயர்ந்த அந்தர காந்தாரம் வருகிறது. பியானோவில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காகப் பிரித்துச் சுருதி கூட்டுகிறார்கள். அதனால் அந்தக் காந்தாரம் அதன் இயல்பான இடத்தைவிட, அரைச் சுரத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு உயர்ந்து நிற்கும். வீணையில் இருப்பது போல விரல் வைக்கும் இடத்தைக் கட்டிப்போடும் மெட்டுகள் வயலினில் கிடையாது. வாசிப்பவர் பியானோவோடு ஒட்டியும் போகலாம், காது கேட்கும் இடத்துக்கு இறங்கியும் போகலாம். அவர் இறங்கினார். தம்பூராவுக்குப் பழகிய உங்கள் காது அதைப் பிடித்துக்கொண்டது. அரங்கில் எத்தனை பேருக்கு அது கேட்டிருக்கும்!

ஆய்வுக்கூடத்தைக் குறை சொல்லாதீர்கள். வில் தந்தியைப் பற்றி இழுக்கிறது, நழுவ விடுகிறது, மறுபடி பற்றுகிறது. மேற்கத்திய வயலினின் ஏ தந்தியில் இது நொடிக்கு 440 முறை நடக்கிறது. ஒளிச்சிதறலுக்காக 1930இல் நோபல் பரிசு பெற்ற சி. வி. ராமன், அதற்கு முன் கல்கத்தாவில் இந்தத் தந்தி அதிர்வைத்தான் வருடக்கணக்கில் ஆராய்ந்தார். 1918இல் அதைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். வயலினை வாசிக்க ஓர் இயந்திரத்தையும் அமைத்து, வில்லின் வேகத்தையும் அழுத்தத்தையும் அளந்தார். பெர்லினில் ஐன்ஸ்டைன் வயலினும் இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்க் பியானோவுமாகச் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள். அந்த மாலையில் நாம் கேட்டதும் ஓய்வுநேர வாசிப்பாக எனக்குத் தோன்றவில்லை. அந்தக் காந்தாரத்தைத் தேடிப் போய்த் தொடுவதற்குப் பல வருடப் பயிற்சி வேண்டும்.

இலவசம் என்பதையும் ஒரு குறையாக நினைக்க வேண்டாம். நவராத்திரி மண்டபத்தில் யார் டிக்கெட் வாங்கினார்கள்? நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து உங்கள் ஊர் வழியாகத் திருவனந்தபுரம் போகும் சரஸ்வதி சிலைக்கு முன் எத்தனை பெரிய வித்வான்கள் வாசித்திருக்கிறார்கள்!

போக வேண்டுமா என்று கேட்கிறீர்கள். வயலின் வித்வான் தஞ்சை வடிவேலுவுக்கு மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் தந்தத்தால் செய்த வயலினைப் பரிசளித்த ஊர் திருவனந்தபுரம். கட்டாயம் போக வேண்டும். அடுத்த அறிவிப்பு வந்ததும் எழுதுகிறேன். நான் குழித்துறையில் ரயில் ஏறுவேன், நீங்கள் பாறசாலையில் ஏறிக்கொள்ளுங்கள். வில் நன்றாகத் தெரியும்படி முன்னால் போய் உட்காருவோம்.