அத்தைக்கு யார் சொல்வது?

கேள்வி: எனக்கு வயது 26. பட்டம் முடித்துவிட்டு மன்னார்குடிப் பக்கம் அப்பாவின் உரக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். யூரியா வாங்க வருபவர்களிடம் கைரேகைக் கருவியை நீட்டியே காலம் போகிறது. அத்தை மகன் டெல்லி ராஜிந்தர் நகரில் ஐஏஎஸ் தேர்வுக்குப் படிக்கிறான். கவனம் சிதறுகிறது என்று செல்போனை விட்டுவிட்டதால், இருவரும் இன்லாண்ட் கடிதம் எழுதிக்கொள்கிறோம். "மாப்பிள்ளை, நீயும் கிளம்பி வா, ஒன்றாக முசூரி ஐஏஎஸ் அகாடமிக்குப் போவோம்" என்கிறான். மூன்று முறை முதல்நிலைத் தேர்வில் தேறவில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும். இன்னும் ஆறு வாய்ப்பு இருக்கிறதாம். (மாதம் ஐந்தாம் தேதி அத்தை அவனுக்குப் பணம் போட வங்கிக்கு வருவார், செலான் நான்தான் நிரப்பிக் கொடுப்பேன். போன மாதம் கறவை மாட்டை விற்றுப் போட்டார்.) அப்பாவை விட்டுவிட்டு டெல்லி போகலாமா?

பதில்: போகலாமா வேண்டாமா என்று கேட்டு இந்தப் பகுதிக்கு மாதம் தவறாமல் கடிதம் வருகிறது தம்பி. அதை அப்புறம் பார்க்கலாம். அடைப்புக்குறிக்குள் ஒதுக்கி வைத்தீர்களே, அந்தச் செலானைப் பற்றி முதலில் பேசுவோம்.

மாடு விற்ற பணத்தை அத்தை உங்களை நம்பித்தானே கொண்டுவந்தார்? அவன் கணக்கு எண்ணைப் பார்த்து எழுதி, தொகையை எண்ணாலும் எழுத்தாலும் நிரப்பிக் கவுன்டரில் நீட்டியிருக்கிறீர்கள். வெளியே வரும்போது "இந்த ஆண்டு தேறிவிடுவானா?" என்று கேட்காமலா இருந்திருப்பார்? நீங்கள் என்ன சொன்னீர்கள்? பக்கம் பக்கமாக எழுதியவர் அதை மட்டும் எழுதவில்லை.

தோற்றது குற்றமில்லை. லட்சக்கணக்கானோர் விண்ணப்பித்து, ஆயிரம் பேர் அளவில் தேர்வாகும் பரீட்சை அது. ஆனால் முதல்நிலையில் தேறாதவர் முதன்மைத் தேர்வின் 1,750 மதிப்பெண் பக்கமே போக முடியாது; மறு ஆண்டு மறுபடி முதலிலிருந்துதான். இது உங்களுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அத்தையோ, மூன்று ஆண்டு படித்த பிள்ளை மூன்று படி ஏறியிருப்பான் என்று நினைத்துக்கொண்டிருப்பார். இதர பிற்பட்ட வகுப்பினர் 35 வயதுவரை 9 முறை எழுதலாம் என்று விதி இருக்கிறது, சரி. அத்தையின் கொட்டிலில் ஒன்பது மாடு கட்டியிருந்ததா?

ரகசியம் காப்பது நட்பு என்பீர்கள். தேறாத செய்தி அவனுடையது, போகிற பணம் அத்தையுடையது. தெரிந்துகொண்டே செலான் நிரப்புகிறவருக்கு அதில் பங்கில்லையா? சொந்த அத்தை ஐயா! உங்கள் வீட்டில் பிறந்தவர். அவருக்குக் கணக்குச் சொல்ல ஆளில்லாத இடத்தில் அண்ணன் மகன் நிற்க வேண்டாமா?

இன்னொன்று; கோபம் வந்தாலும் பரவாயில்லை. டெல்லிக்குப் போனவன் தேறவில்லை என்ற சேதி, உரக்கடையில் உட்கார்ந்திருந்த உங்களுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்திருக்கும். அதனால்தான் அத்தனை அன்பாகத் தேற்றி எழுத வருகிறது. பாசம் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தேறுதலே போதும் என்று அவனும் அம்மாவிடம் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறான். இப்போது உங்களையும் கூப்பிடுகிறான். அறையில் தனியாகத் தோற்றுக்கொண்டிருக்க முடியவில்லை, துணை தேடுகிறான். இதை இலட்சியம் என்று நினைத்துப் பெட்டி கட்டாதீர்கள்.

படிக்க ஆசை இருந்தால் படியுங்கள், யார் தடுத்தது? நுழைவுத் தேர்வில் தேறினால் தங்கிப் படிக்கச் சென்னை கிரீன்வேஸ் சாலையில் தமிழக அரசின் பயிற்சி மையமே இருக்கிறது. டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கக் கடையைப் பூட்ட வேண்டியதும் இல்லை. அதுவும் முடியவில்லை என்றால், உங்கள் சலிப்புக்குக் கடையைக் குறை சொல்லாதீர்கள்.

இன்றே அவனுக்கு ஓர் இன்லாண்ட் வாங்கி எழுதுங்கள். முசூரிப் பேச்செல்லாம் வேண்டாம். "அத்தையிடம் நீயே சொல், ஐந்தாம் தேதிக்குள் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன், அதற்குப் பிறகுதான் செலானைத் தொடுவேன்" என்று எழுதுங்கள். கடிதம் டெல்லி போய்ச் சேர நாளாகும், அதனால் நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள். விஷயம் தெரிந்த பிறகும் அத்தை பணம் அனுப்புவேன் என்றால் அது அவர் விருப்பம். அப்போது மறுபேச்சுப் பேசாமல் நிரப்பிக் கொடுங்கள்.