பிக்கப்புக்குப் பெரிய டயர்: வாங்கும் முன் கேட்கிற கேள்விகள்

ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வாங்கிய ஆறாவது மாதம் எல்லோருக்கும் ஒரே ஆசை வந்துவிடுகிறது: டயரைப் பெரிதாக்கணும். ஆசையில் தப்பில்லை. எவ்வளவு பெரிதாக்குவது என்பதில்தான் சிக்கல்.

கேள்வி: என் வண்டியில் கம்பெனி டயர் 265/65 ஆர் 17. லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் சஸ்பென்ஷன் பாகங்கள்) போடாமல் எது வரை போகலாம்?

ஒரு படி. அதாவது 265/70 ஆர் 17. பெரும்பாலான வண்டிகளில் இது பெரிய தொந்தரவில்லாமல் உட்காரும்.

முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கடைசி 17, ரிம்மின் விட்டம், இஞ்சில். கணக்குப் போட்டால் உங்கள் டயரின் மொத்த உயரம் 776 மி.மீ. 70 சீரிஸ் என்றால் 803. அடுத்து எல்லோரும் கண் வைக்கிற 285/70 ஆர் 17, கடையில் '33 இஞ்ச்' என்று சொல்வது, 831 மி.மீ.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. டயர் உயரம் கூடியதில் பாதிதான் தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளியில் சேரும். 70 சீரிஸில் 13 மி.மீ. கிடைக்கும், 33 இஞ்சில் 27 மி.மீ. அந்தக் கூடுதல் 14 மி.மீ.க்காகத்தான் லிஃப்ட், ஃபெண்டர் வெட்டல், அலைன்மென்ட், கியர் என்று செலவு வரிசை கட்டும். பாறையும் ஆழமான சேறும் உங்கள் வாராந்திர வாழ்க்கை என்றால் சரி. தோற்றத்துக்காக என்றால், ஒரு படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதுதான் என் பதில்.

கேள்வி: 285/70 போட்டுவிட்டேன். நேராகப் போகும்போது ஒன்றுமில்லை. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் பரபரவென்று உரசல். இரண்டு இஞ்ச் லிஃப்ட் போட்டால் தீருமா?

நின்ற இடத்தில் தீரலாம். குழியில் இறங்கும்போது திரும்பவும் வரும். லிஃப்ட் வண்டியை நிற்கும் நிலையில்தான் தூக்குகிறது. சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கி பம்ப் ஸ்டாப்பில் (அதற்கு மேல் அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டை) முட்டும்போது டயர் பழைய இடத்துக்கே வந்து சேரும்.

முதலில் எங்கே உரசுகிறது என்று பாருங்கள். முன் சக்கரத்தை ஒடிக்கும்போது டயரின் பின்விளிம்பு மட் ஃபிளாப் பக்கமாகப் போகும். அங்கே சக்கரக் குழியை மூடும் பிளாஸ்டிக் லைனரில் தேய்ந்து பளபளப்பான தடம் இருக்கும். அதற்குப் பின்னால் சேஸிஸில் பாடியைத் தாங்கும் மவுண்ட் இருக்கிறது. அங்கேயும் ரப்பர் கறுப்பு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அப்புறம் ஒரு முன் சக்கரத்தை மட்டும் உறுதியான கட்டையில் ஏற்றி அமுக்கிவைத்து, ஒருவர் ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாகத் திருப்பட்டும், இன்னொருவர் தள்ளி நின்று பார்க்கட்டும். பிரேக் ஹோஸும் மேல் கன்ட்ரோல் ஆர்மும் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கை) டயருக்கு எவ்வளவு பக்கத்தில் வருகின்றன என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

மட் ஃபிளாப்பில் மட்டும் என்றால் கழற்றுங்கள் அல்லது வெட்டுங்கள். லைனரில் என்றால் சூடு காட்டி உள்ளே தள்ளலாம். பாடி மவுண்டில் என்றால் வெட்டி மறுபடி வெல்டிங் செய்ய வேண்டும். அது கைதேர்ந்தவர் வேலை. ஆர்மில் டயர் உள்பக்கம் உரசினால் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள், பக்கச்சுவர் அறுந்துபோகும்.

ரிம்மும் மாற்றியிருக்கிறீர்களா? ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பது) +30 இருந்த இடத்தில் 0 போட்டால், ரிம் அகலம் அதே என்றாலும், டயர் 30 மி.மீ. வெளியே வந்துவிடும். பார்க்கக் கம்பீரம்தான். ஆனால் ஒடிக்கும்போது டயர் இன்னும் பெரிய வட்டம் அடிக்கும், உரசலும் கூடும். பல வண்டிகளில் குற்றவாளி டயரே இல்லை, ரிம்தான்.

கேள்வி: டயர் மாற்றிய பிறகு மைலேஜ் பயங்கரமாகக் குறைந்துவிட்டது. இவ்வளவு குறையுமா?

கொஞ்சம் நிஜம், கொஞ்சம் மீட்டரின் பொய். 776-லிருந்து 831-க்குப் போனால் ஒரு சுற்றுக்கு 7 சதவீதம் கூடுதல் தூரம் போகிறீர்கள். ஓடோமீட்டருக்கு அது தெரியாது. அது 500 கி.மீ. காட்டினால் வண்டி ஓடியது 535. அந்தக் கணக்கில் வகுத்துப் பாருங்கள். மிச்சமுள்ள குறைவு டயரின் எடைக்கும் காற்றுத் தடைக்கும்.

வேகமும் அப்படித்தான். ஸ்பீடோமீட்டர்கள் பொதுவாகக் கொஞ்சம் கூட்டியே காட்டும்படிதான் செய்யப்படுகின்றன, அதனால் ஒரு படி ஏற்றினால் பிழை ஏறக்குறைய சமமாகிவிடும். 7 சதவீதம் ஏற்றினால் முள் காட்டுவதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்து மீட்டரைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏற்றத்தில் வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது. இன்ஜின் ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றுவது) செய்யலாமா?

குறை இன்ஜினில் இல்லை. உங்கள் டிஃபரன்ஷியல் விகிதம் (சக்கரம் ஒரு முறை சுற்ற டிரைவ் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்பது) 3.92 என்றால், 7 சதவீதம் பெரிய டயரோடு அது 3.66 போல நடந்துகொள்ளும். எப்போதும் கொஞ்சம் உயரமான கியரில் ஓட்டுவதற்குச் சமம். ஆட்டோமேட்டிக் என்றால் கியர் மேலும் கீழும் அலையும், கியர்பாக்ஸ் சூடாகும். முறையான வைத்தியம், அந்த விகிதத்தைத் தரும் பல்சக்கர ஜோடியான கிரவுன்-பினியனை மாற்றுவது, அதுவும் முன், பின் இரண்டிலும் ஒரே விகிதத்துக்கு. பிரேக்குக்கும் இதே பாரம்தான்: அதிக எடை, நீளமான நெம்புகோல். நிற்கும் தூரம் கூடியிருக்கும், இடைவெளி விட்டே ஓட்டுங்கள்.

கேள்வி: இப்போதைக்குப் பின்னால் மட்டும் பெரியது போட்டு ஓட்டலாமா?

கூடாது. பார்ட் டைம் 4×4-இல் (வேண்டும்போது மட்டும் நான்கு சக்கரத்தையும் இணைக்கும் வகை) நான்கு சக்கரமும் இணையும்போது முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். அளவு வேறானால் அச்சுகளுக்கு நடுவே முறுக்கு ஏறி டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பெட்டி) உடையக்கூடும்.

கேள்வி: பெரிய டயர் போட்டால் பாரம் கூடுதலாக ஏற்றலாம்தானே?

இல்லை. பாரத்தை முடிவு செய்வது ஆக்சில், ஸ்பிரிங், சேஸிஸ், பிரேக். டயரில் பார்க்க வேண்டியது, லோடு இண்டெக்ஸ் பழையதைவிடக் குறையாமல் இருப்பது. 112 என்றால் ஒரு டயருக்கு 1120 கிலோ, 121 என்றால் 1450. அளவோடு 'எல்டி' (லைட் டிரக்) என்று போட்ட டயராக இருந்தால், அதே பாரத்தைத் தாங்க அதற்கு அதிகக் காற்று வேண்டும். கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள காற்றழுத்த அளவு பழைய டயருக்கானது; டயர் தயாரிப்பாளரின் பாரம்-அழுத்த அட்டவணையைப் பார்த்து நிரப்புங்கள்.

கேள்வி: ஸ்டெப்னி பழைய அளவிலேயே இருக்கலாமா?

ஐந்தாவதும் அதே அளவில் வாங்குவதே நல்லது. ஆனால் வண்டிக்கு அடியில் தொங்கும் இடத்தில் 33 இஞ்ச் நுழையுமா என்று டேப்பை வைத்து முதலில் அளந்துகொள்ளுங்கள், பலருக்கு நுழைவதில்லை. பழையதோடுதான் சமாளிக்க வேண்டும் என்றால், பின் சக்கரம் பஞ்சரானாலும் சின்ன டயரைப் பின்னால் மாட்டாதீர்கள். முன்னாலிருந்து ஒரு பெரியதைப் பின்னால் மாற்றி, சின்னதை முன்னால் போட்டு, 2எச்-இலேயே (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) மெதுவாக டயர் கடை வரை போய்ச் சேருங்கள்.