லேப்டாப்பில் மாட்ட இடமில்லை என்றால் எடைமேடையையே மாற்றணுமா?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கிறேன். எடைமேடை இண்டிகேட்டரிலிருந்து வரும் ஒயரைப் பழைய கம்ப்யூட்டரின் பின்னால் ஸ்குரூ போட்டு மாட்டியிருந்தோம். அந்தக் கம்ப்யூட்டர் போய்விட்டது. புது லேப்டாப்பில் அதை மாட்ட இடமே இல்லை. இண்டிகேட்டரையே மாற்றணும், 38 ஆயிரம் ஆகும் என்கிறார் சர்வீஸ்காரர். பிசான நெல் அறுவடை தொடங்கிவிட்டது, வாசலில் லாரி நிற்கிறது. என்ன செய்ய?

பதில்: மாற்றாதீர்கள் அண்ணாச்சி. முதலில் லாரியை உள்ளே விடுங்கள். கம்ப்யூட்டர் இல்லாவிட்டாலும் இண்டிகேட்டர் எடையைக் காட்டும். இரண்டு நாளைக்கு நோட்டில் எழுதுங்கள்.

உங்கள் ஒயரின் முனையில் இருப்பது ஆர்எஸ்-232 என்ற பழைய இணைப்பு. 1960-ல் வந்த தரம். ஒன்பது பின். 1996-ல் யுஎஸ்பி வந்தபிறகு லேப்டாப்காரர்கள் இதை மெல்ல எடுத்துவிட்டார்கள். எடைமேடை இருபது வருஷம் உழைக்கும், லேப்டாப் ஐந்து வருஷம் தாண்டுவதே பெரிது. ஐந்து வருஷத்துக்காரனுக்காக இருபது வருஷத்துக்காரனை மாற்றச் சொல்வதுதான் இப்போது நடைமுறையாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், சர்வீஸ்காரர் கொண்டுவரப்போகும் புது இண்டிகேட்டரின் முதுகிலும் பெரும்பாலும் அதே ஒன்பது பின்தான் இருக்கும். 38 ஆயிரம் கொடுத்தபிறகும் நான் கீழே சொல்லும் ஒயரை நீங்கள் வாங்கத்தான் வேண்டும்.

அது மட்டுமில்லை. இண்டிகேட்டரை மாற்றினால் சீல் உடையும். சீல் உடைந்தால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் வந்து சோதித்து மறுபடி முத்திரை போடும்வரை அந்த மேடையில் வியாபார எடை போடக் கூடாது. அறுவடை நேரத்தில் அந்தக் கதவை நீங்களாகத் திறக்காதீர்கள். கம்ப்யூட்டர் பக்கத்து ஒயரை மாற்றுவதற்கும் சீலுக்கும் சம்பந்தமில்லை.

வாங்கவேண்டியது யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர் கேபிள். ஒரு முனை யுஎஸ்பி, மறு முனை ஒன்பது பின். சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை. பழைய ஒயரை யாரையும் வெட்ட விடாதீர்கள். பழைய கம்ப்யூட்டரில் மாட்டியிருந்த அதே தலை இதில் அப்படியே உட்காரும்.

இங்கேதான் ஏமாற்று நடக்கிறது. கேபிளின் தலைக்குள் ஒரு சின்னச் சிப் இருக்கிறது, அதற்குப் போலி ஏராளம். இந்தச் சிப் செய்யும் புரோலிஃபிக் கம்பெனி தன் பழைய சிப்பையும் போலியையும் புது விண்டோஸ் டிரைவரில் (கேபிளை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) ஏற்பதில்லை. ‘2012-லேயே நிறுத்தப்பட்டது’ என்று விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் (மாட்டியிருக்கும் சாதனங்களின் பட்டியல்) எழுதியே காட்டும். எஃப்டிடிஐ என்ற இன்னொரு சிப் கம்பெனி 2014-ல் இன்னும் ஒருபடி மேலே போய், விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த டிரைவரில் போலிச் சிப்புகளையே முடக்கிப்போட்டது. போலி செய்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, காசு கொடுத்து வாங்கியவன்தான் முழித்தான். கடைக்காரரிடம் ‘விண்டோஸ் 11-ல் போட்டுக் காட்டுங்கள்’ என்று கேட்டு, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி வராததைப் பார்த்து வாங்குங்கள். டிரைவர் வேண்டுமென்றால் சிப் கம்பெனியின் தளத்தில்தான் எடுக்க வேண்டும். ‘எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் சரிசெய்கிறோம்’ என்று காசு கேட்கும் புரோகிராம் பக்கமே போகாதீர்கள்.

கேபிள் நல்லதா என்று நீங்களே சோதிக்கலாம். புட்டி என்ற இலவச புரோகிராமில் சீரியலைத் தேர்ந்தெடுத்து, டிவைஸ் மேனேஜர் கேபிளுக்குக் காட்டும் காம் எண்ணை (காம் 3 என்பதுபோல) கொடுத்துத் திறங்கள். கேபிளின் பின்கள் உங்கள் முகத்தைப் பார்க்கும்படி, ஐந்து பின் வரிசை மேலே வரும்படி பிடியுங்கள். இடமிருந்து இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரு துண்டுக் கம்பியால் தொட்டுக்கொண்டு ஏதாவது தட்டினால், தட்டிய எழுத்து திரையில் வர வேண்டும். கம்பியை எடுத்தால் வரக் கூடாது. அப்புறம் இண்டிகேட்டர் ஒயரை மாட்டுங்கள். பெரும்பாலான இண்டிகேட்டர்கள் எடையை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். புட்டியில் 9600 வேகத்தில் எழுத்து கோணல்மாணலாக வந்தால் வேகத்தை 4800, 2400 என்று மாற்றிப் பாருங்கள். எண்கள் வரிசையாக ஓடினால் சர்வீஸ்காரருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடலாம்.

இந்த ஒயர் கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு. பழைய எடைமேடை மென்பொருளுக்குச் சில கம்பெனிகள் ஒரு பூட்டு கொடுத்திருப்பார்கள். தீப்பெட்டி அளவு இருக்கும், கம்ப்யூட்டரின் பின்னால் 25 துளை உள்ள பேரலல் போர்ட்டில் சொருகியிருக்கும். அது இல்லாமல் மென்பொருள் திறக்காது. அதற்கும் யுஎஸ்பி-பேரலல் கேபிள் இருக்கிறதே என்று கடையில் தலையாட்டுவார்கள். அது பிரிண்டருக்கு மட்டும்தான், பூட்டு அதில் வேலை செய்யாது. நானே ஒருமுறை வாங்கி ஏமாந்திருக்கிறேன். ஆகவே பழைய பெட்டியை இரும்புக்கடையில் போடுவதற்கு முன் பின்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். பூட்டு இருந்தால் மென்பொருள் கொடுத்தவரிடம் யுஎஸ்பி பூட்டு கேளுங்கள். அவர் கடையை மூடிவிட்டுப் போயிருந்தால் லேப்டாப்பை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, ஆலைக்கு ஒரு டெஸ்க்டாப் வாங்கி அதில் பேரலல் கார்டு போட்டுப் பார்க்கலாம், அதிலும் நூற்றுக்கு நூறு உறுதி கிடையாது. மென்பொருள் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்ததாக இருந்தால் இன்றைய 64 பிட் விண்டோஸில் அது நேரடியாக ஓடாது. அப்போது மென்பொருளைத்தான் மாற்ற வேண்டும், அப்போதும் இண்டிகேட்டரை அல்ல.

எல்லாம் சரியாகி ஒரு வாரம் ஓடிய பிறகு, திடீரென்று ஒருநாள் எடை வராது. பதறாதீர்கள். யாரோ கேபிளைப் பிடுங்கிப் பக்கத்து யுஎஸ்பி ஓட்டையில் சொருகியிருப்பார்கள், காம் 3 காம் 5 ஆகியிருக்கும், மென்பொருள் பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கும். பழைய ஓட்டைக்கே மாற்றினால் போதும். அந்த ஓட்டைமேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, இதில் போன் சார்ஜ் போடக் கூடாது என்று கணக்குப்பிள்ளையிடம் கறாராகச் சொல்லிவிடுங்கள்.